குத்தினதே தெரியல

மாத்திரையை நிறுத்து என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச காலம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வாயால் சொல்லாமலே ஒருவரை நிறுத்த வைக்க முடியும். அதைத்தான் செய்தேன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கள்ளக்குறிச்சியில் ஞாயிறுதோறும் நடந்த ஒரு வகுப்பில் அக்குபங்சர் கற்றேன். சான்றிதழ் கொடுத்தார்கள். ஒன்றிய அரசு 2019-இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்ட செய்தியைத் தாளில் அச்செடுத்து அதன் பக்கத்தில் மாட்டினேன். அரசு ஏற்றது முறையைத்தான், என்னை அல்ல. இந்த வித்தியாசம் வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம், நினைத்தேன்.

கச்சிராயபாளையத்தில் வீட்டுத் திண்ணைதான் என் இடம். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற பேருந்தில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சனங்கள் வருவார்கள். மேலே மரவள்ளிக்குக் கொத்தி, கீழே இறங்கினால் கரும்பு வெட்டி, முட்டியும் இடுப்பும் தேய்ந்தவர்கள். காசு வாங்கமாட்டேன். சாமையோ கடுக்காயோ கொண்டுவந்து வைப்பார்கள். காசு வாங்காதவனை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

சின்னக் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உறையைப் பிரித்து, ஒருமுறை குத்தி, எறிந்துவிட வேண்டிய ஊசி அது. எல்லோரிடமும் அப்படித்தான் பெருமையாகச் சொல்வேன். சரக்கு வராத வாரங்களில், ஆள் பேர் எழுதிய டப்பாவில் பழைய ஊசிகளை ஸ்பிரிட்டில் போட்டு வைத்து, அதே ஆளுக்கு மறுபடி குத்தினேன். ஸ்பிரிட்டில் ஊறினால் ஹெபடைடிஸ் பி கிருமி செத்துவிடும் என்று எந்த உறுதியும் கிடையாது. டப்பா ஒருநாளும் மாறவில்லை என்று நம்புகிறேன். அதற்கு மேல் சொல்ல என்னால் முடியவில்லை.

இனி பெரியது. அவர் மலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முட்டி வலி என்று வந்தார். சர்க்கரை இருப்பதை அவராகத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. நாடி பிடித்தவன் வாய்விட்டுக் கேள்வி கேட்டால் கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் எங்கள் வகுப்பில் இருந்தது. முட்டிக்குக் கீழே ஓர் ஊசி, பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஓர் ஊசி.

“குத்தினதே தெரியல வாத்தியாரே” என்றார்.

பூரித்துப்போனேன். அடுத்து வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக் காட்டினேன். ஊசி இறங்கினால் அந்த இடத்தில் கனமாக, மதமதவென்று ஓர் உணர்ச்சி எழ வேண்டும் என்பது பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் ஊசி இறங்குவதே தெரியவில்லை என்றால் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட அதைவிட நேரான அடையாளம் வேண்டியதில்லை. நோயின் அறிகுறியை என் கைக்குக் கிடைத்த பாராட்டாக வாங்கிக்கொண்டேன்.

முட்டி வலி குறைந்தது, அதில் பொய்யில்லை. முதுகுவலி, முட்டித் தேய்மானம், தலைவலி போன்றவற்றில் ஊசி ஓரளவு நிவாரணம் தருகிறது என்று, 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. ஆனால் ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்துச் செய்து, 2007-இல் வெளியான ஆய்வைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. சரியான புள்ளியில் குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்தப்பட்டவர்களிலோ 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. ஆக, புள்ளியைத் தேடிப் பிடிக்கும் விரலின் மகிமை மூன்று சதவீதத்துச் சொச்சம். அந்தச் சொச்சத்துக்குத்தான் நான் அவ்வளவு அலட்டிக்கொண்டேன்.

வலி விட்ட உற்சாகத்தில் ஒருநாள் அவர் சொன்னார்: “மாத்திரைய உட்டுட்டேன் வாத்தியாரே. ஒடம்பே பாத்துக்கும்னு நீங்க சொல்றீங்கள்ல.”

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மலையேறி வந்த மாத்திரைகள், பிரிக்காமலே தகர டப்பாவில் கிடந்தனவாம். நான் தலையாட்டவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2018-இல் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த கோவை ஹீலர் ஒருவர் கைதானபோது, இந்த மாதிரி ஆட்களால்தான் அக்குபங்சருக்குக் கெட்ட பேர் என்று டீக்கடையில் பேசியவனும் நான்தான்.

பிறகு காலில் கல் கிழித்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. பாதம் வீங்கி வந்தபோது, “கழிவு வெளியேறுது” என்றேன். வகுப்பில் கற்ற வாக்கியம். வீக்கம், காய்ச்சல், பேதி எது வந்தாலும் இதைச் சொல்லிவிடலாம். வாடை அடித்த பிறகுதான் பயந்து, வாடகைக் கார் பிடித்துக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அங்கே ஓர் இளம் டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அழுத்தி அழுத்தி “தெரியுதா?” என்று கேட்டார். ஒரு நிமிஷ வேலை. “மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?” என்றார் அடுத்து. மலைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “நானாத்தான் உட்டேன்” என்றார். நான் துணைக்கு வந்தவனாக நின்றேன். “நல்ல மனுசன், கார் வெச்சுக் கூட்டியாந்தாரு” என்று அவர் மனைவி நர்சிடம் சொன்னதையும் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

1938-இல் டாக்டர் கோட்னிஸோடு இந்தியாவிலிருந்து சீனா போன மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசுதான் பின்னாளில் அங்கே அக்குபங்சர் கற்று, 1959-இல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். முதலில் டாக்டர், பிறகுதான் ஊசி. நான் அந்த முதல் பாதியைத் தாண்டிக் குதித்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கர்ப்பமா, வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா என்று கேட்டதில்லை. தோள்பட்டையில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழலாம் என்பதையே விஷயம் முற்றிய பிறகுதான் படித்தேன்.

இப்போது யாருக்கும் குத்துவதில்லை. திருந்திவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பயம். யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அதைப் படித்த மருத்துவர்களிடம் போங்கள், பழைய மாத்திரையைத் தொடாதீர்கள் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த மலைக்காரரின் மனைவிக்குத் தோள்பட்டை வலி. ஊசி போடச் சொல்லி வந்தார். விட்டுவிட்டேன் என்றதும், “எங்கூட்டுக்காரராலதான உங்களுக்கு மனசு உட்டுப்போச்சு” என்று எனக்காக வருத்தப்பட்டார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை.