முறைவைத்து மீன் பிடிக்கும் ஏரி

பொதுச் சொத்தை ஆளாளுக்கு முந்திக்கொண்டு சுரண்டி அழித்துவிடுவார்கள் என்ற எண்ணத்துக்கு, காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை பெரும் செல்வாக்கைத் தந்தது. அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லையேல் தனியாருக்குக் கூறுபோட வேண்டும் என்பதே அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியும் விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியின் மீனவர்கள் இந்த இரண்டையும் நாடாமல் பாடு என்ற முறையால் தொழில் நடத்தி வந்திருக்கிறார்கள். 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டைக்காகவே வரலாறு பழவேற்காட்டை நினைக்கிறது. அதைவிட இந்த முறையே நமக்குப் பெரிய பாடம். அதன் அறிவைக் காப்பாற்ற வேண்டும், அதில் யார் சேரலாம் என்ற விதியை மாற்ற வேண்டும்.

பாட்டின் நியாயம் இறாலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உவர்நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில் நீரோட்டத்தை மறித்துக் கம்பு நட்டு வலை கட்ட, முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களே தோதானவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும், பிறகு தளரும்; ஆகவே இடத்துக்கு இடமும் நாளுக்கு நாளும் வரும்படி மாறும். வலுத்தவர் நல்ல இடத்தை வளைத்துக்கொண்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் அந்த இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. ஊருக்குள்ளும் தலைக்கட்டுகளுக்கு முறை உண்டு. இன்று மட்டமான இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். அந்த இடங்களில் விழும் வலைகளுக்கும் தானாகவே ஒரு வரம்பு ஏற்படுகிறது.

சந்தைக்கு முன்னால் மரபு நிற்காது என்பார்கள். இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியதும், பாட்டுக்கு வெளியே இருந்தவர்களும் வலையோடு வந்தார்கள். தகராறு மூண்டது உண்மை. ஆனால் அந்தத் தகராறு முறை இருந்ததால் வந்ததல்ல. முறைக்குள் பலருக்கு இடம் இல்லாததால் வந்தது. பாட்டுரிமை பட்டினவர் சமூகத்தின் மணமான ஆண்களுக்கே உரியதாக இருந்தது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் மீனவப் பெண்களுக்கும் அதில் பங்கில்லை. இந்த அநீதியை மரபு என்ற பெயரால் மூடக்கூடாது. பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அதைத் திருத்தும் உரிமையும் வேண்டும் என்றார். பழவேற்காட்டில் குறைவது அதுதான்.

எல்லாரையும் சேர்த்தால் ஏரி தாங்குமா என்பது நேர்மையான கேள்வி. முறைப்பட்டியல் நீண்டாலும் வலை கட்டும் இடங்கள் கூடப்போவதில்லை. ஒவ்வொருவர் முறையும் தள்ளிப்போகும், அவ்வளவே. ஆனால் அது பழைய உரிமைக்காரர்களின் வருமானத்தைக் குறைக்கும் என்பதை மறைக்கக்கூடாது. இன்னொரு கவலையும் உண்டு: முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. அப்போது எவ்வளவு நியாயமான முறையும் வெறும் நீரைத்தான் பங்கிடும். ஆகவே முகத்துவாரத்தைத் திறந்து வைக்கும் பொறுப்பை அரசு ஏற்கட்டும்; பிறப்பைப் பார்க்காமல், ஏரியை நம்பிப் பிழைக்கும் எல்லாரையும் சேர்த்து முறைப்பட்டியலை ஊர்கள் எழுதட்டும்.