சரண்யா வாசித்த நினைவு மலர்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு முன் ஒரு புத்தகம் அச்சாகிவிட வேண்டும். அன்று நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் அந்தச் சிறுநூலைக் கல்வெட்டு என்பார்கள். நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு. தேவாரம், வம்சாவளி, படித்த பள்ளிக்கூடம், வேலை பார்த்த ஊர்கள், பேரப்பிள்ளைகள் எழுதிய நாலு வரி எல்லாம் அதற்குள் வரும். எங்கள் பக்கத்தில் அதைத் தொகுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கும் வேலை பல வருடமாக என்னிடம் வருகிறது. என் லப்டொப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று நான் தேடத் தொடங்கியது இந்த வேலைக்காகத்தான்.

எங்கள் அச்சகங்களில் பாமினி எழுத்துருவுக்கு இன்றும் தனி இடம் உண்டு. அதில் அடித்தால் திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் உண்மையில் பதிந்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. கடதாசியில் அச்சடிக்க அது போதும். கனடாவில் இருக்கும் பேத்தி தன் பூட்டனின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. வாசித்துக் காட்டச் சொன்னாலும் கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்தக் குறியெண்கள் உண்டு. அப்படி எழுதிய பிறகுதான் தேடல், ஒலிவாசிப்பு, அகரவரிசை எல்லாமே தமிழுக்கு வேலை செய்யும்.

பாமினியில் பழகிய கை மாறாது என்று தட்டச்சுச் செய்பவர்கள் சொல்வது நியாயமான கவலை. அந்தக் கையை மாற்ற வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளை நிறுவினால் அதே பாமினி விசைகளை அடித்தே யுனிகோட் எழுதலாம். ஒலிப்படி ஆங்கில எழுத்துகளை அடித்துப் பழகிய இளையவர்களுக்கு, 2019க்குப் பின் வந்த விண்டோஸிலேயே அதற்கான தமிழ் விசைப்பலகை இருக்கிறது. மொழி அமைப்பில் ஒருமுறை சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். பழைய கோப்புகளுக்குச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு.

ஆனால் மாற்றி வந்த கோப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பக் கூடாது. 'ஔவை' என்ற சொல்லில் முதலெழுத்து ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். பல கோப்புகளில் 'ஒ' தனியாகவும் 'ள' தனியாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் வந்திருந்தாலும் அப்படித்தான். அதோடு, எழுதினவனின் கண் தான் எழுத நினைத்ததைத்தான் பக்கத்தில் காணும். இந்தப் பிழைகளைப் பிடிக்க எனக்குக் கிடைத்த துணை, எட்ஜ் உலாவியின் உரத்த வாசிப்பு.

எட்ஜ் விண்டோஸோடு சேர்ந்தே வருவது. மலரை வலைப்பக்கமாகச் சேமித்து அதில் திறந்து, கொன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். குரல் பட்டியலைப் பார்த்த நாளில் எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. தமிழ் அங்கே நாலு நாடுகளின் பெயரில் இருக்கிறது. இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர். மலேசியாவுக்குக் கனி, சூர்யா. சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. இலங்கைக்குச் சரண்யா, குமார். நான் சரண்யாவைத் தெரிந்தெடுத்தேன். 'ஔவை' வந்த இடத்தில் அந்தக் குரல் 'ஒ'வையும் 'ள'வையும் பிரித்துச் சொல்ல, மறைந்து கிடந்த பிழை காதில் விழுந்தது.

அடுத்த அறையிலிருந்து பெரியம்மா வந்தா. அவவின் தம்பியாரின் மலர்தான் அது.

"உது ஆர் பிள்ளை வாசிக்கிறது?"

"கொம்பியூட்டர்தான், பெரியம்மா."

"கொஞ்சம் ஆறுதலா வாசிக்கச் சொல்லு. எனக்கு விளங்க வேணும்."

வேகத்தைக் குறைத்துவிட்டேன். கண்புரை வந்தபின் பேப்பரே பார்க்காதவ, கடைசிப் பக்கம் வரை இருந்து கேட்டா. பிறகு, தம்பியார் மலாயாவுக்குப் போன கதை இதில் இல்லையே என்றா. அது எங்கள் ஒருவருக்கும் தெரியாத கதை.

அதை எழுதிக்கொள்ளக் கூகுள் டொக்ஸின் குரல்வழித் தட்டச்சைத் திறந்தேன். குரோம் உலாவியில் ஓர் ஆவணத்தைத் திறந்து கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ் அழுத்தினால் ஒலிவாங்கி வரும். மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழும் உண்டு. "உவன் சின்னனிலை மாவிட்டபுரத் தேருக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான்" என்று பெரியம்மா சொல்லச் சொல்ல வரிகள் ஓடின. ஊர்ப்பெயர்களில் அது தடுக்கி விழுந்தது. 'உவன்' பல இடத்தில் 'அவன்' ஆனான். எங்கள் பேச்சை அது இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. இருந்தாலும் முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது. திருத்தும்போது விண்டோஸ் விசையோடு வீ அழுத்தினால், அண்மையில் பிரதி செய்தவை பட்டியலாக வரும். ஒரே ஊர்ப்பெயரைப் பத்து இடத்தில் ஒட்ட அது பெரிய உதவி.

சரண்யாவுக்கு இணையம் வேண்டும். மின்சாரம் போனால் ரவுட்டரும் போய்விடும். 1990களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும் பார்த்தோம். அதனால் வள்ளுவர் குரலை விண்டோஸ் அமைப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கிறேன். இணையம் இல்லாமலே வாசிக்கும், சற்று இயந்திரத் தொனி இருந்தாலும். கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎப்ஜி, இடைவெளி, சாய்கோடு, பற்றரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால், பற்றரி புதிதில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற அறிக்கையும் கிடைக்கும். மின்வெட்டுக் காலத்தில் அதைப் பார்த்துத்தான் வேலையைப் பிரித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு மெனக்கெட ஒரு மலர் பெறுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 1842இல் மானிப்பாயில் அகராதி அச்சிட்ட தீபகற்பம் இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000க்கு மேற்பட்ட நூல்களையும் ஏடுகளையும் தீயில் இழந்ததும் இதுதான். எந்த ஊரில் எந்தப் பள்ளியை யார் தொடங்கினார்கள், யார் மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பினார்கள் என்பதெல்லாம் பல வேளைகளில் இந்தச் சிறுநூல்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நினைவு வெளியீடுகளுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. அங்கே ஸ்கான் செய்த பக்கங்களாக இருப்பவற்றோடு, சொல் தேடக்கூடிய எழுத்தும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அச்சுக்குக் கொடுக்கும் பீடிஎப் அதற்குப் போதாது. பாமினியில் செய்த பீடிஎப்பில் தமிழ்ச்சொல் தேட முடியாது.

அதனால் மலர் கேட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சகத்துக்குப் பாமினிக் கோப்பு போகும், பிள்ளைகளுக்கு யுனிகோட் கோப்பு தருவேன், அதைக் கட்டாயம் எல்லாரும் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஒருவரும் மறுத்ததில்லை. பெரியம்மா மட்டும் இன்னொன்று கேட்டிருக்கிறா. "செத்தாப்பிறகு எழுதிறதை இப்பவே எழுதுவம். நான் சொல்லுறன், உது எழுதட்டும், பிழையை நீ பார்." ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம், அவவின் முதலாம் வகுப்பிலிருந்து.