வாளையாருக்கு இந்தப் பக்கம்

எங்கள் பெரியப்பா மகனுக்கு முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையவில்லை. குன்னத்தூரிலிருந்து கோபி போகும் சாலையை ஒட்டி நாலு ஏக்கர் தோட்டம், வீட்டுக்குப் பக்கத்திலேயே பத்து மிஷின் போட்ட பனியன் யூனிட், கடன் பெரிதாக இல்லை. ஜாதகம் அவிநாசி, பெருந்துறை, காங்கயம் என்று சுற்றிவிட்டு மஞ்சள் தடவிய ஓரம் கிழிந்து திரும்பி வந்தது. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "மாப்பிள்ள தோட்டத்துலயா குடியிருக்கறாருங்?" படித்த பெண்கள் கோவைக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதற்கும் முந்தைய தவறு எங்களுடையது. ஒரே பிள்ளை போதும், அது பையனாக இருக்கட்டும் என்று எங்கள் பகுதி முடிவெடுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பிறகும் பார்த்தார்கள். பிறக்க விடாமல் செய்த பெண்களுக்காகத்தான் எங்கள் மாப்பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

கடைசியில் தரகர் ஒருவர், "பாலக்காட்டுப் பக்கம் பாக்கலாங்களா?" என்று கேட்டார். அப்போதே கொங்கு நாட்டில் பல வீடுகளில் மலையாளப் பெண்கள் மருமகளாக வந்திருந்தார்கள். அந்தப் பக்கம் நகை போட்டு அனுப்ப வழியில்லாத வீடுகள், இந்தப் பக்கம் வரதட்சணை வேண்டாம், கல்யாணச் செலவும் எங்களுடையது என்று சொல்லத் தயாரான வீடுகள். இரண்டு பக்கத்துக் குறையும் சந்தித்துக்கொண்டதால் நடந்த கல்யாணங்கள் அவை. அதனாலேயே அவற்றில் அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்பு பின்னால் வந்தது, சில வீடுகளில் வெகு பின்னால்.

2009இல் பாலக்காட்டுப் பெண்ணோடு அண்ணன் கல்யாணம் நடந்தது. அதே ஆண்டுதான் திருப்பூர் மாவட்டம் பிறந்தது. முன்பு கோவை மாவட்டம், 1979 முதல் பெரியார் மாவட்டம், அது ஈரோடு மாவட்டமாகப் பெயர் மாறி, பிறகு திருப்பூர் மாவட்டம். குன்னத்தூர் இருந்த இடத்திலேயே இருக்க, கோடுகள்தான் எங்கள் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு குண்டானைக்கூட நாங்கள் இடம் மாற்றி வைக்கவில்லை. பாலக்காட்டுக் கதையும் அதுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை அது சென்னை மாநிலத்து மலபார் மாவட்டம். அதுவரை கோவைக்காரனும் பாலக்காட்டுக்காரனும் ஒரே அரசாங்கத்துக்கு வரி கட்டினார்கள். மலைத்தொடரே அங்கே கணவாயாக வழி விட்டிருக்கிறது. இங்கிருந்து எல்லையிலுள்ள வாளையாருக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

ஆனால் அண்ணி நடந்து வந்த தூரம் அதைவிடப் பெரிது. முதல் வாரத்தில் பெரியம்மா, "அம்மிணி, பட்டியப் போய்ப் பாத்துட்டு வா" என்றார். எங்களுக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அந்தப் பெண் நாயைத் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தது. எல்லோரும் சிரித்தோம், அதுவும் சிரித்தது. நாலு நாள் கழித்து அது தனியாக உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு மறந்துபோயிருந்தது. காங்கயத்தில் களம் களமாகக் கொப்பரை காய்கிறது, ஆனாலும் எங்கள் அடுப்படியில் கடலெண்ணெய்தான். தேங்காய் எண்ணெயில் பயறு தாளித்த அன்று, தலைக்குத் தேய்ப்பதைச் சோற்றில் ஊற்றியதாகப் பேச்சு கிளம்பியது. ஒரே வருடத்தில் அரிசிம்பருப்பு சாதம், கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு எல்லாம் அண்ணிக்குக் கை வந்துவிட்டது. "ஏனுங்", "சரீங்" என்று எங்களைவிடச் சுத்தமாகப் பேசத் தொடங்கினார். ஊரே பாராட்டியது. நானும் பாராட்டினேன். அந்த வீட்டில் ஒருவருக்காவது ஒரு மலையாளச் சொல் தெரியுமா என்று எனக்கே கேட்கத் தோன்றவில்லை.

குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும், மாமன் சீர் வேண்டும். அண்ணியின் தம்பி பாலக்காட்டிலிருந்து மூன்று பேருந்து மாறி விடியற்காலையில் வந்து இறங்கினான். கையில் ஒரு பை நிறைய நேந்திரங்காய் வறுவல், குழந்தைக்கு ஒரு சட்டை. சீர்த்தட்டு எத்தனை, யார் தூக்குவது, எந்த வேட்டி கட்டி எங்கே உட்காருவது என்று அவனுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. அவன் என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலே தலை குனிந்து நின்றான். அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மருமகள்கள் மட்டும் இல்லை. பாலக்காடு தொட்டுத் திருப்பூர் வழியாகப் போகும் ஆலப்புழை - தன்பாத் ரயில் ஈரோடு, சேலம், ராயகடா, சம்பல்பூர், ரூர்கேலா, ராஞ்சி என்று ஏறிப் போகிறது. அந்த ஊர்களிலிருந்து எதிர்த் திசையில் வந்து இறங்கும் பிள்ளைகள்தான் இப்போது எங்கள் யூனிட்டுகளில் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் இருக்கிறார்கள். சிலர் பிழைப்புக்கு மட்டுமா வருகிறார்கள்? பெரியப்பாவின் லைன் வீட்டில் ராஞ்சிப் பக்கத்து ஜோடி ஒன்று இரண்டு வருடம் குடியிருந்தது. இருவரும் வேறு வேறு மதம். ஊரில் சேர்ந்து வாழ வழியில்லாமல் கிளம்பி வந்தவர்கள். சனிக்கிழமைச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமைக் கறி, வாசலில் ஒரு துளசிச் செடி என்று குடும்பம் ஓடியது.

கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். விசாரித்தேன். மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்து விண்ணப்பம் தர வேண்டும், அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி முப்பது நாள் ஆட்சேபம் கேட்பார்கள். இதுவரை அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அறிவிப்பின் நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும் என்றதும் முகம் மாறிவிட்டது. எந்த ஊருக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு நாள் ரயிலில் வந்தார்களோ, அந்த ஊருக்கே சட்டம் கடிதம் அனுப்பும். "வேண்டாம் அண்ணா" என்று எழுந்து போய்விட்டான். பதிவில்லாமலே வாழ்ந்தார்கள். இந்த விதி மாற வேண்டும். காதலிப்பவர்களைக் காட்டிக்கொடுக்கும் வேலை சட்டத்துக்கு வேண்டாம்.

2023 மார்ச் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரத்தில் அண்ணன் யூனிட்டில் இருந்த பீகார் பையனுக்கு நிச்சயம் செய்த பெண்ணிடமிருந்து மணிக்கொரு போன். அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. கடைசியில் வீடியோ அழைப்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கடைவீதி முழுக்க நடந்தான். டீக்கடைக்காரர் கை அசைத்தார். பூக்கட்டும் பாட்டி, "யாரு சாமி அது?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்தார். அவன் ஊருக்கு ஓடவில்லை.

அந்தப் பாட்டி ஒரு நிமிடத்தில் செய்ததை எங்கள் வீடு செய்யப் பதினோரு வருடம் ஆனது. 2020 கொரோனா ஊரடங்கில் வாளையார் சோதனைச் சாவடி நிஜமான எல்லையாகிவிட்டது. இ-பாஸ் இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க முடியாது. அந்த ஜூன் மாதத்தில் அண்ணியின் அப்பா இறந்தார். பாஸ் விண்ணப்பித்தோம். வருவதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள். தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, திண்ணையில் உட்கார்ந்து அண்ணி திரையில் பார்த்தார். அழுகை முழுக்க மலையாளத்தில் வந்தது. பதினோரு வருடமாக எங்கே வைத்திருந்தாரோ அந்த மொழியை. பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "உங்கூர்ல அப்பன என்னன்னு கூப்புடுவீங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"அச்சன்னு சொல்லுவோமுங் அத்தை."

பெரியம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணியின் அப்பாவை ஒருவரும் "பாலக்காட்டுக்காரர்" என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் நினைவு நாளுக்கு, "அச்சனுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டுப் பெரியம்மாவே தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். இப்போது அந்த அடுப்படியில் இரண்டு எண்ணெய்த் தூக்கு இருக்கிறது. அண்ணியின் மகள் விடுமுறைக்குப் பாலக்காடு போனால் "அம்மம்மா" என்கிறாள், இங்கே வந்து அதே பாட்டியைப் பற்றி "அம்மிச்சி" என்று பேசுகிறாள்.

எல்லை தாண்டி வந்தவர்கள் தங்கள் பங்கு தூரத்தை நடந்துவிட்டார்கள். இனி நடக்க வேண்டியவர்கள் நாம். உங்கள் வீட்டிலோ லைன் வீட்டிலோ வேறு மொழிக்காரப் பெண் ஒருத்தி இருந்தால், தன் அம்மாவை அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாவு வீடு வரும் வரை காத்திருக்காதீர்கள்.