அப்பாவுக்குப் பிடிபடாத வாடை

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சின்ன வயதில் கேபினில் பக்கத்தில் உட்காரவைத்துத் தொப்பூர் கணவாயை எனக்கு மூக்கால் அறிமுகம் செய்தவர். காய்ந்த பிரேக் லைனர் ஒரு வாடை, தேயும் கிளட்ச் பிளேட் இன்னொன்று, கசியும் டீசல் மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் பிரித்துச் சொன்னால்தான் டீக்கடையில் பன்.

அதனால்தான் போன வருஷம் அவர் சொன்ன பதில் உறுத்தியது. என் பெட்ரோல் கார், சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிக் கணவாய் ஏறி பாளையம் சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் நாறியது. “தொப்பூர்ல அப்படித்தான்டா. ஏதாவது லாரி லைனர் காஞ்சிருக்கும்” என்றார். நண்பர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் லைனர் காய்வது இறக்கத்தில். நான் ஏறிக்கொண்டிருந்தேன். அதோடு இது கருகல் இல்லை, அழுகிய முட்டை. அவர் பழக்கிய மூன்றில் இது கிடையாது.

சேலத்தில் ஒரு கடையில் பேட்டரி என்றார்கள். நம்பக்கூடிய காரணம்தான். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் ஈய-அமில பேட்டரியும் இதே நாற்றத்தை விடும். புதியது மாட்டினேன். நாற்றம் போகவில்லை. அப்படியும் அந்தச் சந்தேகத்தை விட மனம் வரவில்லை. மல்ட்டிமீட்டர் வாங்கி, ஆல்டர்னேட்டர் எவ்வளவு அனுப்புகிறது என்று காலையும் மாலையும், ஏசி போட்டும் போடாமலும் அளந்தேன். 15 வோல்ட்டைத் தாண்டினால் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 14.1, 14.2, 14.3. மூன்று வாரம் இப்படியே போனது. பேட்டரிதான் குற்றவாளி என்றால் ஓமலூர் சமவெளியிலும் நாறியிருக்க வேண்டுமே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இன்னொரு இடத்தில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்றச் சொன்னார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம். விலையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

தொப்பூரில் மேட்டூர் ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. அங்கிருந்த வயதான மேஸ்திரி பானெட்டைத் திறக்கவே மறுத்தார். முதலில் கேள்விதான்.

“ஏறும்போது நாறுதா, ஏறி நின்ன பிறகா?”

“நின்ன பிறகுங்க.”

“ஓடும்போது பின்னாடி போயிடும். நின்னாத்தான் வண்டிக்குள்ள வரும். உன் வண்டி வாடைதான் தம்பி, ஊரு மேல பழி போடாத. மைலேஜ் என்ன குடுக்குது?”

17 கொடுத்த வண்டி 13க்கு இறங்கியிருந்தது. ஏசியின் வேலை என்று நினைத்திருந்தேன்.

“கன்வெர்ட்டரை மாத்தச் சொல்றாங்க” என்றேன். “மாத்து. புதுசையும் இது தின்னுடும்.” அதற்கு மேல் பேசாமல் பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். மூன்று, வெளிர் பழுப்பு. ஒன்று மட்டும் கரி படிந்து, ஈரமாக.

இதுவரை நாற்றத்தை ஒழிக்க வந்தவன், அந்த ஈரமான பிளக்கைப் பார்த்ததும் அது எப்படி உண்டாகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெட்ரோலில் எப்போதும் கொஞ்சம் கந்தகம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எரிபொருளில் அது பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டும், முழுக்கப் போய்விடவில்லை. கலவை சரியாக இருந்தால் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபர் டை ஆக்சைடாக வெளியேறும். கன்வெர்ட்டர் அதில் கொஞ்சத்தைத் தன் பூச்சில் பிடித்தும் வைக்கும். பெட்ரோல் மிகையாகி ஆக்சிஜன் போதாமல் போனால், சேர்ந்த கந்தகம் ஹைட்ரஜனோடு கூடி ஹைட்ரஜன் சல்ஃபைடாக வரும். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க மிகை கூடும். அதுதான் பாளையத்தில் வந்த முட்டை.

இந்தியாவில் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995 ஏப்ரலில், அதுவும் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் மட்டும். அப்பாவின் டீசல் லாரியில் அது ஏது? அவர் மூக்கைச் சந்தேகித்ததற்கு வருத்தப்பட்டேன். அவருக்கு இந்த வாடையைச் சொல்லித்தர யாரும் இருந்ததில்லை.

மேஸ்திரி எரிபொருள் குழாயில் பிரஷர் கேஜை மாட்டி இன்ஜினை அணைத்தார். முள் நிற்காமல் இறங்கியது. அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, இன்ஜின் ஆயிலையும் மாற்றினார். ஒழுகிய பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்குமாம். பிறகு டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங்கை நகத்தால் அழுத்திக் காட்டினார். கல்லாக இறுகியிருந்தது. இதைச் சொல்லும்போதுதான் குரல் உயர்ந்தது. “நாத்தம் வந்ததால பொழச்ச. கூடவே வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. புள்ளைங்க பின்சீட்ல தூங்கினா எழுந்திருக்க மாட்டாங்க.” பீடிங்கை அன்றே மாற்றினேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறினேன். பாளையம் வரிசையில் கண்ணாடியை இறக்கி இருவரும் முகர்ந்தோம். ஒன்றுமில்லை. “முட்டை இல்லையே” என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருந்திருக்கிறது.

திரும்பி இறங்கும்போது இரண்டாவது கியர். இரட்டைப் பாலத்துக்கு முன்னால், எங்களுக்கு முன்னே ஒரு டாரஸ் லாரி. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தள்ளி வா. அவன் நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்குலயே போறான். லைனர் காயுது.”

எனக்கு அப்போது எந்த வாடையும் வரவில்லை. வேகத்தைக் குறைத்தேன். அடுத்த வளைவில்தான் வந்தது.