விரல் மடங்காத காலம்

2006 ஓகஸ்ட்டில், போருக்குள், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதையைப் பூட்டினார்கள். அந்த வருடக் கடைசியில், மாரி மழையோடு, யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. எங்கள் வீட்டில் முதலில் அம்மா, மூன்றாம் நாள் நான். ஊரடங்கு நேரத்தில் காய்ச்சல் ஏறினால் விடியும்வரை ஈரத்துணிதான். பனடோலுக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். அம்மா இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா, முதுகு நிமிரவில்லை. இந்த நோயின் பெயர் கிழக்கு ஆபிரிக்காவின் மகொண்டே மொழியிலிருந்து வந்தது, பொருள் ‘வளைந்து போவது’ என்று பிறகு அறிந்தபோது அந்த நடைதான் கண்ணுக்குள் நின்றது.

காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. நோவு விடவில்லை.

2008இல் மொன்றியலுக்கு வந்தேன். டவுன்டவுனில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை. மக்கில் மெற்றோவில் இறங்கி நிலத்துக்கடியாலேயே நடந்து போய்விடலாம், பனி படாது. ஆனாலும் வேலை தொடங்க முன்னர் கைகளைச் சுடுதண்ணிக் குழாயின் கீழ் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். வலக்கை நடுவிரல் கம்பி மாதிரி நிற்கும். இடக்கையால் ஒவ்வொரு விரலாக மடித்து மொப் தடியைச் சுற்றி வைப்பேன். மேற்பார்வையாளர் சோம்பல் என்றார். ஒரு கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். காகிதத்தில் இல்லாத நோவை நான் எங்கே கொண்டுபோய்க் காட்ட?

பிறகு பார்த்த ஒரு மருத்துவர்தான் நுளம்பைப் பற்றிக் கேட்டார். 2005-06இல் ரெயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான சனத்துக்கு இதே நோய் வந்ததையும், பலர் வருடக்கணக்கில் மூட்டு நோவோடு திரிந்ததையும் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் வழிவந்தவர்களும் அந்தத் தீவில் இருக்கிறார்கள். அதை அவருக்கு நான் சொன்னேன். எங்கள் நோவை யார் எழுதினது? செல் விழுந்ததை எண்ணவே ஆளில்லாத காலம் அது.

வீக்கத்துக்கு மாத்திரை, விரல்களுக்குப் பயிற்சி. மூன்று கிழமை நன்றாயிருக்கும், நாலாம் கிழமை கணுக்கால் வீங்கும். 2011 கோடையில் ஓரிரவு, மொப்பைப் பிழிந்து முடித்த பிறகுதான் கையைச் சுடுதண்ணியில் பிடிக்க மறந்தது நினைவு வந்தது. ஆளில்லாத அந்தப் பதினோராம் மாடியில் நின்றபடியே அம்மாவுக்கு அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது.

அம்மா அழுதா. அவவுக்கு முழங்கால் இன்னும் மடங்காது. கோயிலில் நிலத்தில் இருக்க மாட்டா, தூணோடு சாய்ந்து நின்றுதான் தேவாரம் பாடுறா.