தகரம் வேர்க்கும் ஊர்: டயகம லயங்களில் ஒரு தை மாதம்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் தலவாக்கலையில் இறங்கி, அங்கிருந்து லிந்துலை, அக்கரபத்தனை வழியாக பஸ்ஸில் ஏறிச் சென்றால் டயகமவை அடையலாம். ஒரு சிறிய கடைத்தெரு, கோயில், பாடசாலை, சுற்றிலும் தேயிலை மலைகள். மேலே ஹோர்ட்டன் சமவெளி. அங்கிருந்து இறங்கி வரும் ஆக்ரா ஓயாதான் கொத்மலை ஓயாவுடன் கலந்து பின்னர் மகாவலியாகிறது. மலையகத்தைப் படத்தில் பார்ப்பவர்களுக்குப் பச்சை தெரியும். அந்தப் பச்சைக்குள் வாழ்பவர்களுக்கு முதலில் தெரிவது குளிர்.

சிறுவர் போஷாக்கு தொடர்பான வேலைக்காக தை மாதத்தில் ஒரு வாரம் அங்குள்ள லயமொன்றில் தங்கினேன். அங்கு கண்டதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2009 க்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் தகரக் கொட்டிலுக்குள் வெயிலில் வெந்தவர்கள் உங்களில் பலர். 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, பின்னர் யுத்தத்திலும் அகப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு லயம் என்பது அம்மம்மா சொன்ன கதையாக இருக்கலாம். டயகமவில் அது இன்றும் கதையல்ல.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதில் ஒரு பகுதியை மறைத்துக் குசினியாக்கியிருப்பார்கள். தோட்டத்தில் வேலை செய்வதால் கிடைக்கும் இருப்பிடம் இது. மாத வாடகை இல்லை, ஆனால் உறுதிப்பத்திரமும் இல்லை. வேலையோடு கட்டப்பட்ட வீடு என்பதால், சொந்தமில்லாத ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பராமரித்து வருகிறார்கள்.

கூரையும் குளிரும்

நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் பள்ளப்பகுதிகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். குளிர்ப் பிரதேசங்களில் வீட்டின் உள்ளே குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பரிந்துரைத்தது. தகரக் கூரை பகலில் சீக்கிரம் சுட்டு, இரவில் அதைவிடச் சீக்கிரம் குளிர்ந்து விடுகிறது.

முதல் நாள் விடியற்காலையில் என் முகத்தில் தண்ணீர் சொட்டியது. மழை பெய்கிறதா என்று கேட்டேன். “மழை இல்ல மிஸ், தகரம் வேர்க்குது” என்றார் வீட்டுக்கார அக்கா. எங்கள் மூச்சிலிருந்தும் சோற்றுப் பானையிலிருந்தும் எழுந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி விழுகிறது. விடிய முன்னரே எழுந்து, சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, மலைக்குப் போகும் ஒரு பெண் அந்த ஈரத்தையும் துடைத்துவிட்டுத்தான் போகிறார்.

அந்த அக்கா தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, வெட்டி விரித்த அரிசிச் சாக்குகளைத் தைத்துக் கட்டியிருந்தார். இடையில் அடைபட்ட காற்றுத்தான் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. சொட்டும் நீரையும் சாக்கு தாங்கிக்கொள்கிறது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் சாக்குக் கட்டவில்லை, தீப்பிடிக்கும் என்பதால். சீமெந்துத் தரையில் முதலில் காய்ந்த சாக்கு, அதன் மேல் காட்போட், பிறகு பாய், கம்பளி. கீழிருந்து ஏறும் குளிரை நிறுத்தாமல் மேலே எத்தனை போர்த்தினாலும் பயனில்லை என்றார். மலைக்கு உடுத்திச் செல்லும் நனைந்த படங்கை அவர் உள்ளே கொண்டுவருவதில்லை. அது இஸ்தோப்பிலேயே தொங்கும். வெயில் வந்தால் வீட்டிலிருக்கும் பெரியம்மா கதவு, ஜன்னலைத் திறந்து படுக்கையை வெளியே போடுவார். மாலையில் குளிர் இறங்கும் முன் எல்லாம் மூடப்படும்.

லயத்தின் பின்புறக் கானைச் சுத்தம் செய்வதையும் பெண்கள் முக்கியமாகக் கருதுகிறார்கள். மலையிலிருந்து வரும் நீர் கானில் தேங்கினால் சுவர் அதைக் குடித்துவிடும். ஈரச் சுவர் உள்ள அறை எப்போதும் குளிரும், பூஞ்சணமும் பிடிக்கும். தகரத்தில் ஆணித் துளைகளைத் தாரில் தோய்த்த துணித்துண்டால் அடைக்கிறார்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதைத் துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

புகையும் நெருப்பும்

கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வரும் மிலாறுதான் பல வீடுகளில் விறகு. ஈர மிலாறு அதிகம் புகைக்கும். காற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் அந்தப் புகை முழுவதும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020 இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்புக்கு மேலே புகை போக ஒரு வழி கட்டாயம் வேண்டும். விறகை இரண்டு மூன்று கிழமை முன்னதாகவே இஸ்தோப்பில் அடுக்கிக் காயவைத்தால் புகை பாதியாவது குறையும் என்கிறார் பெரியம்மா.

மிகவும் ஆபத்தானது, தூங்கும்போது தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடுவது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். குளித்த பிள்ளையைத் தணலருகே வைத்துத் துவட்டினாலும், படுக்க முன் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். பழைய மின் வயரில் ஹீட்டர் போடுவதும் அப்படியே. ஒரு காம்பராவில் பற்றும் தீ ஒரே கூரை வழியாக வரிசை முழுவதும் ஓடிவிடும்.

யாருடைய கூரை?

இவ்வளவும் பெண்களின் கையால் ஆவது. ஆனால் துருப்பிடித்து ஓட்டையான கூரைக்குச் சாக்கு மருந்தாகாது. லயங்களைச் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்பது 1912 இல் வந்த தோட்ட மருத்துவக் கட்டளைச் சட்டங்களிலேயே உண்டு. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை வழங்க வழி திறந்தது. அதே ஆண்டில் அக்கரபத்தனைக்கு எனத் தனிப் பிரதேச சபையும் வந்தது. ஆக, கேட்பதற்கு இடங்கள் இருக்கின்றன.

நான் தங்கிய லயத்தில் 12 காம்பராக்கள். பல வருடங்களாக ஒவ்வொருவரும் தனித்தனியாக, வாயால் சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். கடந்த மழைக்குப் பின் பெண்கள் கூடி ஒரே கடிதம் எழுதினார்கள். காம்பரா இலக்கம், ஒழுகும் இடம், தேவையான தகரம், அங்கே இருக்கும் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். தோட்டக் காரியாலயம், கிராம அலுவலர், பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோருக்குப் பிரதிகள் போயின. திகதியிட்ட ஒரு பிரதி அவர்கள் கையில். நான் போனபோது ஐந்து காம்பராக்களுக்குத் தகரம் வந்திருந்தது. மீதி ஏழுக்கு இரண்டாவது கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. தகரம் கிடைத்த ஐந்து பேரும் அதிலும் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன்.

ஒரு விடயத்தில் மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டின் பல இடங்களிலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டுசென்றது. தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம் ஆகியவற்றைக் கண்டால் பிள்ளைகளோடு உடனே வெளியேற வேண்டும். வீட்டுப் பொருளைப் பிறகு பார்க்கலாம்.

லயங்களுக்குப் பதிலாக 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் சில தோட்டங்களில் வந்துள்ளன. எல்லோருக்கும் அது கிடைக்கும்வரை இந்தக் கூரைகளின் கீழ்தான் பிள்ளைகள் வளர வேண்டியிருக்கிறது.

சகோதரிகளே, வாடகை அறையிலோ, உறவினர் காணியிலோ, முடிக்கப்படாத வீட்டுத்திட்ட வீட்டிலோ நீங்கள் இருக்கலாம். ஒரு கொப்பியை எடுத்து இரண்டு பட்டியல் எழுதுங்கள். நம் கையால் திருத்தக்கூடியவை ஒன்றில். உரிமையாளரோ அரசோ திருத்த வேண்டியவை மற்றதில். முதலாவதை இந்தக் கிழமையே தொடங்குங்கள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.