உடுப்பும் அடக்கமும்

அழகாக உடுத்த வேண்டும் என்ற ஆசை எனக்குச் சிறு வயது முதலே உண்டு. இதனை இந்த ஏட்டில் எழுதுவதற்குச் சற்றுத் துணிவு வேண்டியிருக்கிறது. என் ஊர்ப் பெரியவர்கள் இதனை அடக்கமின்மை என்பர். என் முற்போக்கு நண்பர்களோ முதலாளித்துவச் சந்தை விரித்த வலை என்பர். வேறெந்த விஷயத்திலும் ஒன்றுபடாத இவ்விரு சாராரும், பெண்ணின் உடுப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறும்போது மட்டும் தோளோடு தோள் நிற்கின்றனர்.

நான் பிறந்து வளர்ந்தது கற்பிட்டித் தீபகற்பத்தில். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. மே மாதம் வந்துவிட்டால் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் எறியும். புத்தளத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் நீளக்கைச் சட்டையை அணிந்து, தலையையும் துணியால் சுற்றிக் கட்டியிருப்பர். தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, கோலம் ஒன்றுதான். அங்கே உடலை மறைக்கச் சொல்வது வெயிலும் உப்பும். எங்கள் மூத்தம்மாமாரோ வெளியே செல்கையில் சேலை முந்தானையையே முக்காடாக இட்டனர். அச்சேலைகள் நிறமற்றவை அல்ல. மயில்நீலமும் மாம்பழ மஞ்சளும் அவற்றில் இருந்தன. அவர்களை அடக்கமற்றவர் என்று கூற அன்று எவரும் துணியவில்லை.

கறுப்பு அபாயா எங்கள் கரையில் பரவியது 1980களுக்குப் பின்னர். மார்க்கப் பிரசாரம் அதற்கு ஒரு காரணம். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களின் பெட்டிகள் இன்னொரு காரணம். அதனை நான் இகழ மாட்டேன். பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துச் சம்பாதித்த காசில் தனக்கென்று வாங்கிய முதல் நல்ல உடுப்பு, பலருக்கு அதுவே.

பெண்ணின் உடுப்பைத் திருத்த ஆண்கள் புறப்படுவது நேற்றுத் தொடங்கிய காரியமன்று. 1344இல் எங்கள் கரையில் வந்திறங்கிய இப்னு பதூதா, அதற்குச் சற்று முன்வரை மாலைத்தீவில் காழியாக இருந்தவர். அத்தீவுப் பெண்கள் இடைக்கு மேல் ஆடை அணியாதிருந்ததைக் கண்டு, உடுத்துமாறு கட்டளையிட்டார். கட்டளை பலிக்கவில்லை. வழக்குக்காகத் தம் முன் வரும் பெண்கள் மட்டும் உடலை மூடி வரவேண்டும் என்ற அளவோடு நின்றுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கிருந்து புறப்பட்டவர் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அரசன் அளித்த முத்துக்களைப் பெற்றுக்கொண்டார். முத்துக்களைப் பற்றி அவருடைய அடக்கம் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை!

மறைப்பதெல்லாம் அடிமைத்தனம், திறப்பதெல்லாம் விடுதலை என்று கணக்கிடும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடியும் உதையும் பட்டார்கள். 1859இல்தான் அரசாணை இறங்கி வந்தது. அங்கே மேலாடையே கலகக் கொடி. ஆடை நீளமா குட்டையா என்பதைக் கொண்டு அதன் அரசியலை அளக்க முடியாது. அதை யார் தீர்மானிக்கிறார், தீர்மானிப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இக்கேள்வி 2019இல் எங்கள் வாசலுக்கே வந்தது. உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடிய குண்டுவெடிப்புகளின் பின்னர், ஏப்ரல் 29 முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடும் உடைகள் தடைசெய்யப்பட்டன. முகத்தை மூடாமல், தலையை மட்டும் மறைத்தோரும் சந்தேகத்துக்கு உள்ளாயினர். நான் அன்று அணிந்திருந்தது பச்சைச் சேலையும் அதற்கேற்ற முக்காடும். ஓர் அலுவலக வாயிலில் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தப்பட்டேன். மே மாத இறுதியில், அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஓசரியோ உடுத்தியே வரவேண்டுமெனச் சுற்றுநிருபம் ஒன்றும் வந்தது. எதிர்ப்பு எழவே அதனைப் பின்னர் திருத்தினர். நான் விரும்பி உடுத்தும் அதே சேலை, கட்டளையாக வந்தபோது தோளில் கனத்தது.

அப்படியானால் அடக்கம் என்பதே இல்லையா? உண்டு. அதனை எனக்குக் கற்பித்தவர் என் உம்மா. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசமே அளித்தனர். ஏறத்தாழ 75,000 பேர் வேரறுந்தனர். மன்னார்க் கரையிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டியில் வந்திறங்கினர். எங்கள் வளவிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கென்று வாப்பா எனக்கு ரோஜா நிறப் பட்டுத் துணி வாங்கி வந்தார். படத்தில் பார்த்ததுபோல் கழுத்து, கைகளில் சுருக்கு என்று நான் கனவில் தைத்து முடித்துவிட்டேன். உம்மா அத்துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, புத்தளம் கடையில் மலிவான பூப்போட்ட சீத்தை ஒரு சுருள் வாங்கினார். வளவில் இருந்த ஐந்து பெண்பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரே துணியில் ஆறு கவுண்கள். கையால் சுற்றும் தையல் இயந்திரம் மூன்று இரவுகள் ஓயவில்லை.

நான் அழுதேன். “இல்லாத பிள்ளைக்கு முன்னுக்கு மினுக்கிக்கொண்டு நிக்கிறதுதான் மகள் வெட்கம் கெட்ட வேலை” என்றார் உம்மா. ஆனால் கவனியுங்கள்: அவர் எங்களுக்குச் சாக்கைத் தைத்துத் தரவில்லை. ஆறு கவுண்களுக்கும் ஆறு விதமான கழுத்து வைத்தார். எனக்குப் படத்தில் இருந்த கழுத்தே கிடைத்தது. ஏழைப் பிள்ளைக்கு அழகு தேவையில்லை என்று அவர் எண்ணவில்லை.

அழகை அற்பம் என்று ஒதுக்கும் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான்: அழகு செல்வரின் உடைமை என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? விடியற்காலையில் எங்கள் மாவட்டத்துச் சாலைகளில் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்களைப் பாருங்கள். உலகின் நாகரிகம் அவர்கள் விரல்களில் பிறக்கிறது. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் தைத்துக்கொண்டிருந்ததும் இந்த நாகரிகத்தையே. ஒரு சட்டையை இருமுறை உடுத்தி எறியும் வழக்கத்தை நான் வெறுப்பது இதனால்தான். தையலை அறிந்தவளுக்கு ஒவ்வொரு மடிப்பிலும் ஒருத்தியின் முதுகுவலி தெரியும். நான் ஆண்டுக்கு இரண்டு சேலைகளே வாங்குகிறேன். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்க அரை நாள் செலவிடத் தயங்குவதில்லை.

2022 நவம்பரில், விலைவாசி தாங்காத காலத்தில், ஆசிரியைகள் சிலர் சேலையின்றி வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றனர். பண்பாடு அழிந்தது என்று ஊடகங்களில் ஓலமிட்டோர் பலர். சேலைப் பைத்தியமான நான் அந்த ஆசிரியைகளின் பக்கமே நின்றேன். ஆசிரியர் அறையில் இருவர் இன்றும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

சனிக்கிழமைகளில் என் வீட்டில் பெண்பிள்ளைகள் சிலர் தையல் பழகுகிறார்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சென்ற மாதம் கறுப்பு அபாயாத் துணியோடு வந்தாள். மணிக்கட்டில் ஊதா நிறக் கரை வேண்டும் என்றாள். வைத்தோம். பிறகு தயங்கித் தயங்கி, சட்டைப்பை வைக்க முடியுமா என்று கேட்டாள். அவள் உம்மா சம்மதிக்க மாட்டாரோ என்ற பயம் அவளுக்கு. இருபுறமும் ஆழமாக இரண்டு பைகளை வெட்டி, வெளியே தெரியாதபடி பக்கத் தையலுக்குள் மறைத்துத் தைக்கக் காட்டிக் கொடுத்தேன். ஒன்று பஸ் காசுக்கு என்றாள். மற்றது எதற்கென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.